ஐம்பத்திரண்டு மைல்

ஐம்பத்து மூன்று, அக்டோபர் ஒன்று.
ஆந்திரா தனியாகப் போனது.
யானைகவுனி ஸ்டேஷனிலிருந்து பெஞ்சலய்யாவும் போனான்:
ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா,
என்னிடம் வாங்கித் திருப்பாத ஏழு ரூபாய்.

முந்தைய வாரம் முழுக்க
மேலே உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்.
லத்திகள், லாந்தர்கள், இரண்டு டைப்ரைட்டர்,
பதினோரு குதிரை.
கைரேகைச் சீட்டில்தான் தகராறு.
சின்ன ஓபுலுவின் பத்து விரலும்
நெல்லூரில் பிறந்தவை,
தொழில் கற்றது கொத்தவால் சாவடியில்.
எந்தக் கட்டில் வைப்பது?

நவம்பரில் அவன்
ஜைத்தூன் பீவியின் தையல் மெஷினை
தலையை மட்டும் கழற்றிக்கொண்டு
கூடூர் பாசஞ்சரில் ஏறிவிட்டான்.
சூலூர்ப்பேட்டைக் கடைத்தெருவில் அது
யாருக்கோ ரவிக்கை தைக்கிறதாம்.
அந்த ஊர் ஏட்டு இப்போது பெஞ்சலய்யா.

முன்பென்றால் ஒரு டிரங்க் கால்,
"டேய் பெஞ்சலு, அமுக்குடா."
இப்போது
மகாராஜராஜஸ்ரீ பெஞ்சலய்யா காரு அவர்களுக்கு
நேராக எழுதவும் கூடாது.
கமிஷனர் ஆபீசில் ஒரு முத்திரை,
கோட்டையில் இரண்டு,
கர்நூலில் கூடாரத்துக்குள் எத்தனையோ,
பிறகு நெல்லூர் வழியாக இறங்கி
அவன் மேஜைக்குப் போகும்.

ஓபுலு டிக்கெட் எடுத்து
சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம் பார்க்க வருகிறான்,
ஞாயிறு காலை திரும்புகிறான்.
ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில்
அவனிடம் யாரும் முத்திரை கேட்பதில்லை.

ஜைத்தூன் பீவி செவ்வாய்தோறும் வருகிறாள்.
"சூலூர்ப்பேட்டை எவ்வளவு தூரம் ஐயா?"
"ஐம்பத்திரண்டு மைல்."
"நானே போய்த் தூக்கிட்டு வந்துடட்டுமா?"
கூடாது என்று சொல்ல
வாய் வரவில்லை.

எதிர்ச் சுவரில் தெலுங்கு எழுத்து,
சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது.
அவன்தான் ஒருநாள் படித்துக் காட்டினான்:
"மதராஸ் மனதே."
நம்முடையதே என்று அர்த்தமாம்.
என் காதுக்கு
யாரோ மனதைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

பொங்கல் கழிந்து பதில் வந்தது.
இங்கிலீஷில் நாலு பத்தி:
தங்கள் கடிதத்தில் இணைப்பு மூன்றைக் காணவில்லை,
மீண்டும் உரிய வழியில் அனுப்பவும்.
கீழே அதே கிறுக்கல் கையெழுத்து.

காகிதத்தைத் திருப்பினேன்.
பென்சிலில், கோணல் தமிழில்:
"மிசின் பாத்தேன். ஆயில் போடச் சொல்லிருக்கேன்.
ஏழு ரூபா மறக்கல."

எந்த ஃபைலில் சேர்ப்பதென்று தெரியாமல்
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.
இன்று செவ்வாய்.