நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

ராத்திரிப் பணியில்
பதினேழு நெஞ்சுகளைப் பார்த்தேன்.
ஒவ்வொரு நெஞ்சிடமும் முதலில் கேட்டேன்:
சங்கிலியைக் கழற்றலாமா,
மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள்,
போதும், விடுங்கள்.
தாளில் கையெழுத்து வாங்கி
கதவின் மேல் சிவப்பு விளக்கைப் போட்ட பிறகே
ஒரு மனிதனுக்குள் போவேன்.

என் சட்டைப் பையில் இருந்ததற்கு
சிவப்பு விளக்கு கிடையாது.

அக்மெத்தெலி ரயிலடியில்
செல்போன் பழுது பார்க்கும் பாட்ரி
தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.
"நாஸிப்ரோலா, பார்.
மூன்று இரவும் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.
3.12. 3.27. 3.42.
யாரும் இதைத் தொடவில்லை.
இதுவாகவே பேசியிருக்கிறது."
என்ன பேசியது?
"தெரியாது. ஒட்டிய உறை.
முகவரி மட்டும் வெளியே தெரிகிறது.
செய்து விற்றவர்களின் வாசல்."

இழுப்பறைக்குள் கிடந்துகொண்டு
அப்படி என்ன சொல்லியிருக்கும்?
நான் இருட்டில் இருக்கிறேன்.
இன்னும் இருட்டில் இருக்கிறேன்.
அவள் வரவில்லை.

பதினொரு மாதத் தவணை.
ஈஸ்டருக்கு முந்தின வாரம்
கடைசி லாரியையும் கட்டி முடித்தேன்.
ஆனாலும் பூட்டைத் திறக்க
கம்பெனிக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம்.
போட்டேன்.
பதில் உடனே வந்தது:
நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் காத்திருக்கவும்.

எங்கள் மருத்துவமனையில்
மண்ணீரலை எடுக்கக்கூட
அவ்வளவு யோசிப்பதில்லை.

மருத்துவர் அவ்தாந்தில் சிரித்தார்.
"மடியில் கனமில்லையென்றால்
வழியில் என்ன பயம்?"
மடியில் இருக்கும் கனமே அதுதான், டாக்டர்.
நூற்றுத் தொண்ணூறு கிராம்.

மூன்றாம் நாள்
ஈய ஏப்ரனில் சுற்றி
படச்சுருள் அலமாரியில் வைத்தேன்.
கதிரே துளைக்காத ஈயம்.
பத்து நிமிடத்தில் உள்ளிருந்து மணி அடித்தது.
குத்தாய்சியிலிருந்து என் தங்கை,
தக்காளி விலை பேச.
பேசினேன். வேறென்ன செய்ய?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
வாங்கிய அன்று
"ஒப்புக்கொள்கிறேன்" என்று நான்தான் அழுத்தினேன்.
அறுபத்து நான்கு பக்கம்,
ஒரு வரி படிக்கவில்லை.
என் நோயாளிகளும் படிப்பதில்லை.
வலிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டே
கையெழுத்துப் போடுகிறார்கள்.
அன்று எனக்கு எங்கே வலித்தது என்று
இப்போது நினைவில்லை.

ஏழாம் நாள், பாட்ரியின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
திரை கேட்டது:
எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?
ஒரே வரி.
இதை மட்டும் மூன்று முறை படித்தேன்.
பிறகு அழுத்தினேன்.
தங்கை மகளின் பல் விழுந்த படம் போயிற்று,
அதைப் பிரதி எடுக்க மறந்திருந்தேன்.

இப்போது ஒவ்வொரு முறை விழிக்கும்போதும்
கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் எச்சரிக்கிறது:
இந்தக் கருவியை நம்ப வேண்டாம்.
எனக்குக் கீழ்ப்படியத் தொடங்கிய நாளிலிருந்து
அது நம்பத்தகாததாகிவிட்டது.
வங்கிச் செயலி உள்ளே வரமாட்டேன் என்கிறது.
வெள்ளிக்கிழமைகளில் வரிசையில் நிற்கிறேன்,
முன்னால் நிற்பவரின் கோட்டுப் பூண்டு வாசனையோடு.
நேற்று 3.27க்கு விழிப்பு வந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
தூங்கிக்கொண்டிருந்தது.
தூங்குவதுபோல் இருந்தது.

காலையில் கட்டடத்து லிஃப்ட்,
சோவியத் காலத்துத் தகரப் பெட்டி,
இருபது தெத்ரி போட்டால்தான் நகரும்.
என் வீட்டுக்கு ஏற நான் ஏன் காசு போட வேண்டும் என்று
இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன்.
இன்று போட்டேன்.
ஒன்பதில் கதவு திறந்தது.
நான் இறங்கியதும்
யாரை ஏற்றியது என்பதை மறந்து
முனகிக்கொண்டே கீழே போனது.