நாற்பத்தொன்றாம் முத்திரை

டாஸ்மேனியாவில் ஒரு யூகலிப்டஸ் உச்சியில்
பதினேழு நாளாகக் குந்தியிருந்தாள் அந்தப் பெண்.
கீழே நாங்கள், சங்கக் கொடியோடு.
"இறங்கடி, எங்கள் சோற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறாய்!"
கத்தியது நான்தான்.

பதில் இல்லை.
கயிற்றில் ஒரு வாளி இறங்கியது.
அவள் ஆட்கள் ரொட்டி வைத்தார்கள்.
டார்சி அதை எட்டி உதைத்தான்;
பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
மண்ணைத் தட்டித் திரும்ப வைத்தான்.

போலீஸ்காரரின் தொலைநோக்கியை வாங்கி அண்ணாந்தேன்.
அவள் படுக்கிற பலகையின் அடியில்
நீல மை, எண் நாற்பத்தொன்று.
என் முத்திரை.
முதல் தரம் என்று நான் குத்தியது,
எங்கள் மில் அறுத்தது.

ஜூனில் மில்லை மூடினார்கள்.
அவளால் அல்ல.
முழு மரமாகவே கப்பலேற்றினால் லாபம் கூடுதலாம்.
அந்தக் கணக்கைப் போட்ட தேதி
எங்கள் மறியலுக்கு ஒரு வருஷம் முந்தியது.

பர்னி துறைமுகம். பட்டை உரித்த மரங்கள்
மழையில் அம்பாரமாய்.
வேலிக்கு வெளியே நான்.
பத்தடி தள்ளி அவள், சளியோடு.
மன்னிப்பெல்லாம் இரண்டு பேருக்கும் வரவில்லை.
"பலகை தாங்கியதா?" என்றேன்.

"தாங்கியது," என்றாள்.
"ராத்திரி முழுக்க முனகும்."