மேற்கோளுக்குள் ஒரு சொல்

ஜெலுத்தோங், பதினோராம் மாடி. மரியசூசை பேசினார்.
குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாயிருந்தது.
"இருபத்தாறு வருஷம், மா.
பராமரிப்புக் கட்டணம் ஒரு காசு பாக்கி வெச்சதில்ல.
என் பேருக்கு நேரா டிஃபால்ட்டுன்னு அடிச்சு
லிஃப்ட்டுப் பக்கத்துல ஒட்டியிருக்காங்க.
நான் கடன் ஏமாத்துனவனா?"

நேற்று ராத்திரி, பாயான் லெப்பாஸில்
ஆறிப்போன தே ஓவோடு நான் எழுதிய வரி:
நிலை = ?
எல்லாரையும் இயல்புக்குத் திருப்பத்தான் நினைத்தேன்.
அந்தப் பத்தியின் இயல்பு மதிப்பு, 'சீர்'.

கேள்விக்குறி ஒரு வாயிற்காவலன்.
மதிப்பு வந்தால் வழிவிடுவான்.
ஆணை வந்தால்
ஆயுதத்தை வாங்கிக்கொண்டு
வெறும் பெயராக உள்ளே அனுப்புவான்.
நான் கொடுத்த டிஃபால்ட்
ஏழு ஆங்கில எழுத்தாய்ப் போய் உட்கார்ந்தது
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில்.

"நல் போட்டுவிடேன்" என்றாள் ஹுய் லிங்.
என் மொழியில் அது நல்ல சொல்.
அட்டவணையில் அது ஒன்றுமே இல்லை.
இயல்பு வேறு, இன்மை வேறு
என்று அவளுக்குச் சொல்ல மலாயும் போதவில்லை, சைகையும் போதவில்லை.

கேள்விக்குறியை எடுத்தேன்.
அதே சொல்லை, மேற்கோள் உரித்து,
வாக்கியத்தின் உடம்பிலேயே எழுதினேன்.
அது இப்போது சொல் அல்ல.
2312 வரிசைகள் மாறின.
ஒரு விநாடிகூட ஆகவில்லை.

திரும்ப அழைத்தேன்.
"சரியாயிடுச்சு ஐயா. உங்க நிலை, சீர்."
எதிர்முனையில் லிஃப்ட்டுக் கதவு திறந்து மூடியது.
"அந்தத் தாள யாரு மா கிழிப்பா?"