லிஃப்ட் வேஷம்

சூப்பர் மார்க்கெட்டில் எலும்புக்கூட்டு உடுப்பு
பதினான்கு பவுண்டு.
எடுத்துத் தடவிப் பார்த்தேன்.
ஒரு மழைக்குத் தாங்காது என்று
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டுத்
திரும்ப மாட்டினேன்.
அதியனுக்கு அது வேண்டவும் வேண்டாமாம்.
"நான் லிஃப்ட்டா வரேன்" என்றான்.
எந்த லிஃப்ட்டுடா?
"நம்ம லிஃப்ட்டுதான். கெட்டுப்போனது."

டண்டீயில், எங்கள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில்
ஒன்பது நாளாக அது
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
திரிசங்கு போலத் தொங்குகிறது.
கவுன்சிலுக்கு நான் போட்ட போன் ஏழு.
உதிரிபாகம் வந்துகொண்டிருக்கிறதாம்.
எந்தக் கப்பலிலோ.

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக்
காஸியாவின் அம்மா கொடுத்தாள்.
மெஷினைப் படியில் சுமந்து ஏற்றிய இடுப்புவலி
இன்னும் தீரவில்லை அவளுக்கு.
ரொட்டிக் கத்தியால் கைக்கு இரண்டு ஓட்டை, தலைக்கு ஒன்று.
முன்பக்கம் நெடுகக் கீறி இரட்டைக் கதவு.
மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி
அலுமினியத் தாளை ஒட்டினோம்.
அது சுருங்கிச் சுருங்கி
நிஜ லிஃப்ட்டை விடக் கிழடாகத் தெரிந்தது.
பொத்தானுக்குப் பால் புட்டி மூடிகள்:
எங்கள் வீட்டுப் பச்சை ஏழு,
காஸியா வீட்டு நீலம் மூன்று,
சிவப்பு இரண்டும் பதினோராம் மாடி மோராக்குடையவை.
ஒன்பது நாளாக அவளுக்குப் பால் கொண்டுபோவதும்
காலிப் புட்டியோடு இறங்குவதும் நான்தான்.
தரைத்தளத்துக்கு மட்டும் ஒரு கோக் மூடி.
தோளில் தாங்க என் பழைய துப்பட்டா,
உள்ளே சைக்கிள் விளக்கு.
காசு கொடுத்து வாங்கியது டேப் ஒன்றுதான்,
ஒரு பவுண்டு பத்து பென்ஸ்.
'வேலை செய்யவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி
அவனே நெற்றியில் ஒட்டிக்கொண்டான்,
ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு.

காஸியா வௌவால்.
டே நதிக் காற்று முறித்துப் போட்ட கருப்புக் குடையை
இரண்டாக வெட்டினால்
இறக்கைக்கு வேறு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைதான் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தோம்.
ஐந்து மணிக்கே கும்மிருட்டு.
இந்த ஊரில் சும்மா வந்து கை நீட்டினால் மிட்டாய் கிடைக்காது.
ஒரு பாட்டு, ஒரு கடி ஜோக்,
ஏதாவது செய்துகாட்ட வேண்டும்.
வௌவால் ஒவ்வொரு வாசலிலும் போலிஷ் பாட்டுப் பாடியது.
லிஃப்ட் அசையாமல் நின்றது.
"நீ என்ன செய்வாய்?"
"ஒண்ணும் செய்யமாட்டேன். நான் ரிப்பேர்."
ஆறாம் மாடிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"நீ பரவாயில்லை, மேலேயாவது ஏறுகிறாய்" என்று
இரண்டு சாக்லேட் கூடப் போட்டார்.
ஒன்பதில் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் தந்தார்கள்.

பதினொன்றில் மோராக் கதவைத் திறந்தாள்.
சக்கர நாற்காலியில் இருப்பவள் கண்ணுக்கு நேரே
சரியாகப் பொத்தான்கள்.
நெற்றியில் இருந்ததைப் படித்தாள்.
சிரிக்கவில்லை.
தன் வீட்டுச் சிவப்பு மூடியை அடையாளம் கண்டு
விரலால் ஒருமுறை தொட்டாள்.
பிறகு விரலைக் கீழே, இன்னும் கீழே கொண்டுபோய்க்
கோக் மூடியை அழுத்தினாள்.

அவன் ரிப்பேர் என்று சொல்லவேண்டிய இடம் அது.
சொல்லவில்லை.
ம்ம்ம்ம் என்று தொண்டைக்குள் ஒரு ஓசை எழுப்பி
முழங்காலை மெல்ல, மெல்ல மடக்கிப்
பெட்டி தரையில் தட்டும்வரை இறங்கினான்.
டிங்.
அட்டைக் கதவு விரிந்தது.
சைக்கிள் விளக்கு அவள் மடியில் விழுந்தது.

"வெளியே காற்றா?" என்று கேட்டாள் மோராக்.
"ரொம்ப."
"அப்படியானால் மேலேயே கொண்டுவிட்டுவிடு."

அவனால் எழ முடியவில்லை.
அட்டை மடங்கிக் கால் உள்ளே சிக்கிக்கொண்டது.
நான் ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம்,
லிஃப்ட்டைத் தூக்கி நிறுத்தினோம்.
அப்போதுதான் சிரித்தாள் அவள்,
கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு.

காலையில் பால் பையோடு
ஏழாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்று
எட்டாவது போன் போட்டேன்.