சாம்சங் ஏ பத்து

பதிவேட்டில் முப்பத்தெட்டுப் பேர்.
திரையில் பதினொரு கட்டங்கள்.
அதில் ஒன்று நான்.

எட்டு ஏ வகுப்பு, விஞ்ஞானம், காலை பத்து மணி.
தலவாக்கலையில் ஒரு வாடகை அறை. கீழே பேக்கரி.
பாண் வேகும் வாசனைக்குள் உட்கார்ந்து
ஒளித்தொகுப்பு படிப்பிக்கிறேன்.
கரும்பலகை இல்லாததால்
அலுமாரிக் கதவில் பழைய கலண்டரைத் திருப்பி ஒட்டி
மார்க்கரால் ஓர் இலை வரைந்திருந்தேன்.
காம்பு கொஞ்சம் கோணல்.

எல்லோரும் கமராவை மூடியிருந்தார்கள்.
சதுர்ஜன் என்ற எழுத்து இருமியது.
அனோஜினி என்ற எழுத்துக்குப் பின்னால்
குக்கர் மூன்று முறை கத்தியது.
பெயரே இல்லாத ஒரு கட்டம்,
வெறும் "சாம்சங் ஏ பத்து",
மூன்று வாரமாக ஒரு நாளும் தவறவில்லை.
பெயரை மாத்துங்க பிள்ளை என்று சொல்லிச் சொல்லி
எனக்கே அலுத்துவிட்டது.
டாப்புக் கூப்பிடும்போது "சாம்சங்?" என்பேன்.
மஞ்சள் கை ஒன்று எழும்பி அடங்கும்.

அன்று கை தவறிக் கமரா திறந்துகொண்டது.
வானம்.
பிறகு ஒரு பெருவிரல், வெடிப்புகளில் கறை ஊறியது.
பிறகு கொழுந்து, மிக அருகில்,
என் கலண்டர் இலைக்கு இல்லாத நரம்புகளோடு.
"நெரைய விட்டுட்டு எங்க பாக்குற?"
தூரத்தில் யாரோ ஏசினார்கள்.

யாரது, என்றேன்.
காற்று இரைந்தது. பிறகு ஒரு குரல்:
"டிலுக்ஷனாவோட அம்மாங்க டீச்சர், யோகமலர்.
லயத்துல சிக்னல் இல்லீங்க.
இந்த எட்டாம் நம்பர் மலையிலதான் ரெண்டு கம்பி கெடைக்குது.
போனும் ஒண்ணுதான்.
கேட்டுக்கிட்டு அந்திக்குப் போயி புள்ளைக்குச் சொல்லிருவேன்.
எல சோறாக்குற எடத்துல விட்டீங்க."

பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை.
அதில் பச்சையம், காபனீரொட்சைட்டு, ஒரு சமன்பாடு.
ஆனாலும் விட்ட இடம் அதுதான்.

ஒவ்வொரு இலையும் ஓர் அடுப்பு என்று தொடங்கினேன்.
ஆறேழு கிலோ அடுப்பை
முதுகுச் சாக்கில் சுமந்தபடி அவர் கேட்டார்:
"அப்ப வெயிலு இல்லாத ராவுல
அது என்னங்க டீச்சர் செய்யும்?"

ஆறு வருடத்தில் ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை.
வாய் திறந்தேன்.
நாற்பது நிமிடம் முடிந்தது.
இலவசக் கணக்கு எங்களை வெளியே தள்ளிக்
கதவைச் சாத்தியது.

வெள்ளிதோறும் வலயப் பணிமனைக்குப் படிவம் போகவேண்டும்.
"இணைந்த மாணவர்" கூட்டில் பேனா நின்றது.
ஒன்பதா, பத்தா?
மலையிலிருந்து கால்வழுக்கும் படிகளில் இறங்கி,
விறகு நனைந்த அடுப்பை ஊதி,
சாப்பாடும் ஆனபிறகு
என் வாக்கியங்களில் எத்தனை அந்த லயம் போய்ச் சேரும்?
பத்து என்றே எழுதினேன்.
பதினொன்று என்று எழுதியிருக்கலாம்.

இரவு ஒன்பதுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்.
மூன்று தடவை அழித்தேன்.
நாலாவதில்தான் வகுப்புக் குரல் போயிருந்தது.
இருட்டில் இலை சமைக்காது, யோகமலர்.
மூச்சு மட்டும் விடும், நம்மைப்போலவே.
பகலிலும் விடும்,
அதை நாளைக்குச் சொல்கிறேன்.

ஒற்றைச் சரி விழுந்தது.
பதினொரு மணிக்கும் ஒற்றைச் சரி.
விடியப்புறம் மழை, பேக்கரிக் கதவு திறக்கும் சத்தம்,
அப்போதும் ஒற்றைச் சரி.

ஏழு பத்துக்கு அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.
பெரட்டு முடிந்து
மலை ஏறியிருக்கிறார்கள்.