செவ்வாயில் எண்ணியது

பிராண்டனில், ஒன்பதாம் தெரு முனையில்
பஸ் ஏறுவோர் எத்தனை பேர் என்று
ஒரு செவ்வாய்க்கிழமை
காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எண்ணினேன்.
இரண்டு.
அதில் ஒருவர் வழி கேட்கத்தான் ஏறினார்.

கம்பத்தைப் பிடுங்கினோம்.
மூன்று கார் நிறுத்த இடம் கிடைத்தது.
மருந்துக்கடைக்காரர் கை குலுக்கினார்.

இன்று புதன்.
வண்டி ஒதுக்கிப்போன பனிமேட்டுக்கும்
என் கார்க் கதவுக்கும் நடுவே
கையில் கட்டோடு ஒரு பெண்.
டயாலிசிஸாம்.
திங்கள், புதன், வெள்ளி.

ஓட்டுநர் லொரெய்ன்
நிறுத்தமே இல்லாத நடுத்தெருவில்
பஸ்ஸை மண்டியிட வைக்கிறாள்.
படி தாழ்கிறது, அந்தப் பெண்
ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி,
மறு காலை வைக்கிறாள்.

பின்னால் ஏழு கார்.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.

என் மீட்டரில்
இன்னும் பதினொரு நிமிடம்.