ஆற விடுதல்

மூன்றாவது ஏற்றத்தில் எழுபத்தொன்று.
மடிக்கணினியிலிருந்து தலை தூக்காமல்
விளாதிமிர் எண்ணைச் சொல்கிறான்,
காய்ச்சல் பார்த்த நர்ஸ் மாதிரி,
குரலில் ஒன்றும் வைக்காமல்.

கலாமாவில் காற்றுக்கே பஞ்சம்.
இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் உயரம்.
இருக்கிற கொஞ்சத்தைப் பிடித்து அடைக்க
டர்போ தலைதெறிக்கச் சுற்றுகிறது.
சுற்றச் சுற்றச் சூடு.
சூடான காற்று கல்யாணக் கூட்டம்:
பந்தியை அடைத்து உட்கார்ந்திருக்கும்,
இலை எடுக்க ஓர் ஆள் இருக்காது.

இப்போதுள்ள கூலர் என்ஜினின் தலைமேல்.
பானெட்டில் ஒரு மூக்கு, அதனடியில் அது.
அடுப்பிலேயே பாத்திரத்தை வைத்துக்கொண்டு
ஆறவில்லையே என்று ஊதுகிற ஏற்பாடு.
ஆனால் குழாய் குட்டை;
மிதித்தால் அந்த நொடியே பதில்.
அந்த அவசரம் எனக்குப் பிடிக்கும்.
சொன்னால் விளாதிமிர் சிரிப்பான், சொல்லவில்லை.

தண்ணீரில் ஆற்றலாம் என்றான் எலிசேயோ.
ஐஸ் பெட்டி, பம்ப், இன்னொரு ரேடியேட்டர்,
நான்கு நிமிட மலையேற்றப் பந்தயத்துக்கு
நாற்பது கிலோ சுமை.
பம்ப் நின்றால்? என்றேன்.
பம்ப் ஏன் நிற்கிறது, என்றான்.
செம்புச் சுரங்கத்தில் பதினோரு வருடம்
முந்நூறு டன் லாரிகளுக்கு அடியில் படுத்தவள் நான்.
நிற்காத பம்ப்பை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

விளாதிமிருக்கு முன்பக்கம் வேண்டும். பெரிதாக,
பம்பரின் வாய் முழுக்க வெள்ளிப் பல்லாக.
படம் படமாகக் காட்டினான்.
எல்லாப் படத்திலும்
கடல்மட்டம்.

டீசல் ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தேன்.
அறுபது சென்டிமீட்டருக்கு முப்பது வெட்டி,
ஆணியால் துளை துளையாகக் குத்தி,
ரேடியேட்டருக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டினேன்.
இதுதான் உன் கூலர். ஏறு.
பத்தொன்பதாவது கிலோமீட்டரில்
என்ஜின் தண்ணீர் நூற்றெட்டு.
ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தோம்.
நான்கு விகூன்யாக்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு
மேயத் திரும்பின.
நாங்கள் பேசவில்லை.
அட்டையைப் பிய்த்தவன் அவன்தான்.
எறியப் போனான், நின்றான்,
இரண்டாக மடித்தான்,
மறுபடி வைத்துப் பார்த்தான்.

அதுதான் அளவு.

அதே அளவில் ஒன்று இகிகேயில் கிடைத்தது.
கிடங்குக்காரி செனோபியா சோக்கே
தராசில் போட்டு, அலுமினிய விலைக்கே கொடுத்தாள்.
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த கழிவு.
தடித்த ரகம் சூட்டைக் குடித்து வயிற்றில் வைத்துக்கொள்ளும்.
இது மெலிந்த ரகம்,
குடித்ததை அப்போதே துப்பிவிடும்.
உள்ளே முகம் தெரியாத ஒருவரின் பழைய எண்ணெய்.
மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தேன்,
கறுப்பு, தேநீர் நிறமாகும் வரை.
நசுங்கிய மடிப்புகளை ஊசியால் நிமிர்த்தும்போது
இடுக்கில் ஒரு தும்பியின் சிறகு.
இந்த ஊரில் நான் தும்பி பார்த்ததில்லை.
எந்த வயலோரச் சாலையில்
எந்தச் சாயங்காலம் மோதியதோ.
பத்திரப்படுத்தலாமா என்று ஒரு கணம்.
ஊதினேன், போயிற்று.

பம்பருக்குப் பின்னாலிருந்த இரும்பை
இரண்டு அங்குலம் அறுத்தோம்.
குழாய் இப்போது நீளம்.
மிதிக்கிற காலுக்கும் பாய்கிற வண்டிக்கும் நடுவில்
அரை இமைப்பொழுது மௌனம்.
கேட்டவுடன் கத்தாமல்
ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்வார்களே சிலர், அப்படி.
எனக்கு அது பழகவில்லை.
வளைவுக்கு முன்னாலேயே மிதிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.
ஆக்கப் பொறுத்தவள்
ஆறவும் பொறுக்கத்தானே வேண்டும்.

நேற்று, மூன்றாவது ஏற்றத்தில் நாற்பத்தாறு.
விளாதிமிர் எண்ணைச் சொன்னான்.
நான் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னான்.

இறங்கிப் போய்க் குனிந்து
பம்பரின் வாய்க்குள் கை விட்டேன்.
காற்று நுழைகிற பக்கம்
தொட முடியவில்லை.
ஒரு முழம் தள்ளி, மறுபக்கம்,
உள்ளங்கை
எடுக்கத் தோன்றாமல் இருந்தது.